வருமுன் கற்றவர்: தொண்டர் காந்தியின் கதை

மாத்தளை மாவட்டத்தில் வாழ்கின்றவர்களுக்கு நவம்பர் மழையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேல் முகில் இறங்கிவிட்டால் றத்தோட்டை, உக்குவெல, லக்கல, அம்பன்கங்க கோறளைப் பக்கங்களில் பலருக்கு இரவில் கண் மூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டை உலுக்கிய போது, பாதை அறுந்து, மின்சாரம் நின்று, தொலைபேசியும் அடங்கிப்போன ஊர்களுக்கு வெளியார் உடனே போய்ச்சேர முடியவில்லை. அத்தகைய வேளையில் முதலில் கை கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். படையினரும் வைத்தியர்களும் பிறகே வருவார்கள்.

அப்படியென்றால் ஒரு கேள்வி எழுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்ல மனம் இருக்கிறது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியுமா?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, நாம் நன்கு அறிந்த ஒருவரின் வாழ்க்கையை மறுபடியும் பார்ப்போம். மகாத்மா காந்தி என்றதும் இராட்டையும் உப்பு யாத்திரையும் நினைவுக்கு வரும். 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்ததையும் கண்டி வரை மலையேறி வந்ததையும் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். ஆனால் அந்தப் புகழெல்லாம் வருவதற்கு முன்னர், காயத்துக்குக் கட்டுப் போடவும் நோயாளியைத் தூக்கவும் பொறுமையாகக் கற்றுக்கொண்ட ஒரு தொண்டர் அவருக்குள் இருந்தார். இங்கே சொல்லப்போவது அந்தத் தொண்டரின் கதை.

தந்தையின் கட்டிலருகே

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 ஒக்டோபர் 2ஆம் திகதி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். அவர் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் தந்தை கரம்சந்த் நோயுற்றுப் படுக்கையில் விழுந்தார். பாடசாலை விட்டதும் மகன் நேரே தந்தையின் கட்டிலுக்கு வருவார். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், மருந்து கொடுப்பதும், இரவில் கால் பிடித்துவிடுவதும் அவருடைய வேலைகள். 1885இல் தந்தையின் உயிர் பிரிந்த அந்த நேரத்தில் மட்டும் அவர் அருகில் இருக்கவில்லை. சிறிய தந்தையார் இடம் மாற்றிவிட, சற்று முன்புதான் தம் அறைக்குப் போயிருந்தார். தேவைப்பட்ட நேரத்தில் அங்கே இல்லாமற் போனோமே என்ற வேதனை வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை.

1893இல் தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் நிறுவனத்துக்கு வழக்குப் பார்ப்பதற்காக அவர் தென்னாபிரிக்கா சென்றார். நேட்டால் மாகாணத்தின் டர்பன் நகரில் ஒருநாள் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி அவர் முன் வந்து நின்றார். உடை கிழிந்து, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எசமானரின் அடியால் வந்த காயம். காந்தி அவரை முதலில் வைத்தியரிடம் அனுப்பினார். காயத்துக்குச் சான்றிதழ் பெற்ற பிறகே நீதவானிடம் அழைத்துச் சென்றார். உயிரும் உடலும் முதலில், வழக்கு அடுத்தது என்ற அந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டும்.

1896இல் அவர் இந்தியாவுக்கு வந்திருந்த வேளையில் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. ராஜ்கோட் நகருக்கும் அது வந்துவிடும் என்ற அச்சம் எழுந்தபோது அமைந்த சுகாதாரக் குழுவில் அவரும் சேர்ந்தார். வீடு வீடாகப் போய் மலசலகூடங்களைப் பார்வையிடும் வேலை அவர் பங்குக்கு வந்தது. வசதி படைத்தோர் வீடுகள் பலவற்றில் துர்நாற்றம் தாங்கவில்லை. தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்போ துப்புரவாக இருந்தது. நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, அது வருவதற்கு முன் தெருவைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர் அங்கே படித்தார்.

மருந்து கலந்த வழக்கறிஞர்

மீண்டும் டர்பனுக்குச் சென்ற பிறகு வழக்கறிஞர் தொழில் நன்றாக நடந்தது. ஆனாலும் மனம் நிறையவில்லை. பார்சி ருஸ்தம்ஜி என்ற வணிகரின் கொடையால் ஒரு சிறிய இலவச வைத்தியசாலை திறக்கப்பட்டது. தூய எய்டன் மிஷனின் தலைவரான டொக்டர் பூத் அங்கே நோயாளரைப் பார்த்தார். காந்தி அங்கே மருந்து கலப்பவராகச் சேர்ந்தார். நாள்தோறும் காலையில் போய், நோயாளர் சொல்வதைக் கேட்டு, அதை வைத்தியருக்கு விளக்கி, அவர் எழுதித் தரும் மருந்தைக் கலந்து கொடுப்பார். போக்குவரத்தோடு சேர்த்து இரண்டு மணித்தியாலம் வரை இதற்குச் செலவாகும். பெரும்பாலும் அங்கே வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழரும் தெலுங்கரும் வட இந்தியரும்.

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, பலர் வழியிலேயே மடிய, எஞ்சியோர் மாத்தளைக்கு வந்து சேர்ந்த கதையை நம் மாவட்டத்தார் அறிவர். அதே நூற்றாண்டில், அதே தமிழ் மண்ணிலிருந்து, அதே வறுமையால் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள் இவர்கள்.

1899 ஒக்டோபரில் போயர் யுத்தம் மூண்டது. ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் இடையிலான போர் அது. காயப்பட்டோருக்கு உதவ இந்தியத் தொண்டர் படை ஒன்றை அமைக்கக் காந்தி முன்வந்தார். அரசு முதலில் ஏற்கவில்லை. இந்தியருக்குப் போரைப் பற்றி ஒன்றும் தெரியாது, உதவியாக இருப்பதைவிடச் சுமையாகத்தான் இருப்பார்கள் என்று சட்டசபை உறுப்பினர் ஒருவர் சொன்னார்.

அந்தச் சொல் கசப்பானதுதான். ஆனால் காந்தி அதற்குச் சொல்லால் பதில் தேடவில்லை. டொக்டர் பூத்திடம் போய், காயப்பட்டோரைப் பராமரிக்கும் பயிற்சியைத் தோழர்களோடு சேர்ந்து பெற்றார். உடல் தகுதிக்கான வைத்தியச் சான்றிதழ்களையும் வாங்கிக்கொண்டார்கள். சுமையாக இருப்பார்கள் என்று சொல்லப்பட்டவர்கள், சுமை தூக்கக் கற்றுக்கொண்டு மறுபடியும் விண்ணப்பித்தார்கள். போர் கடுமையானபோது அரசு அவர்களை அழைத்தது.

சுமார் 1,100 பேர் திரண்டனர். ஏறக்குறைய 300 பேர் ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக வாழ்ந்த இந்தியர்கள். மற்றவர்கள் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். களத்துக்குப் போக இயலாத வணிகர்கள் பணமும் பொருளும் தந்தார்கள். டொக்டர் பூத்தும் கூடவே சென்றார். கொலென்சோ என்ற இடத்தில் 1899 டிசெம்பர் 15ஆம் திகதி நடந்த சண்டையில் அவர்களுக்கு முதல் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் ஸ்பியொன் கொப் மலையில் ஆங்கிலேயர் பெருந்தோல்வி கண்டனர். செஞ்சிலுவையின் பாதுகாப்போடு, துப்பாக்கிச் சூடு எட்டாத தொலைவில் பணியாற்றுவதே ஏற்பாடு. ஆனால் நிலைமை மோசமானபோது, கட்டாயமில்லை, விரும்பினால் முன்னே வரலாம் என்று தளபதி செய்தி அனுப்பினார். அவர்கள் தயங்காமல் போனார்கள். காயப்பட்டோரைத் தூக்குப் படுக்கையில் சுமந்துகொண்டு ஒரே நாளில் 20 முதல் 25 மைல் வரை நடந்த நாள்களும் இருந்தன.

ஆறு வாரங்களில் படை கலைக்கப்பட்டது. தலைவர்களாக இருந்த 37 பேருக்குப் பதக்கம் கிடைத்தது. படுக்கையைத் தோளில் சுமந்த நூற்றுக்கணக்கான தொழிலாளரில் பெரும்பாலோரின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது.

மரத்தின் மேல் ஒரு மணி

அந்தப் படையைச் சேராத ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் பெயர் மட்டும் மறையாமல் நின்றது. காந்தியே பின்னாளில் அவரைப் பற்றி எழுதிவைத்தார். லேடிஸ்மித் என்ற நகரைப் போயர் படை முற்றுகையிட்டிருந்தது. அருகிலிருந்த குன்றில் அவர்கள் பீரங்கியை நிறுத்தி நகரைத் தாக்கினார்கள். குன்றில் பீரங்கி சுடும்போது தெரியும் தீப்பொறிக்கும் குண்டு நகரில் வந்து விழுவதற்கும் இடையில் மிகச் சிறிய அவகாசமே இருந்தது. அந்த அவகாசத்துக்குள் பதுங்கிவிட்டால் உயிர் தப்பலாம்.

பிரபுசிங் என்ற ஒப்பந்தத் தொழிலாளி ஒரு மரத்தின் மேல் ஏறி அமர்ந்தார். பீரங்கிகள் முழங்கிய வேளையெல்லாம் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறி தெரிந்த கணத்தில் மணியடித்தார். கீழே இருந்தவர்கள் பதுங்கிக்கொண்டார்கள். மரத்தின் மேல் இருந்தவருக்குப் பதுங்க இடமில்லை. அவருடைய தீரத்தைக் கேள்விப்பட்டு, இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக இருந்த கேர்சன் பிரபு காஷ்மீர் அங்கி ஒன்றைப் பரிசாக அனுப்பினார்.

மண்சரிவு அபாயமுள்ள நம் ஊர்களில் இன்று எச்சரிக்கை வேறு வடிவில் வருகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் அறிவிக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். அறிவிப்பு வருகிறது, ஆனால் வானொலி இல்லாத வீட்டுக்கும், காது கேளாத பாட்டிக்கும், உறங்கிக்கொண்டிருக்கும் லயத்துக்கும் அதை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? ஒவ்வொரு தெருவுக்கும் மணியடிக்க ஒருவர் வேண்டும்.

இருபத்து மூன்று நோயாளர்

போர் முடியுமுன்பே, 1900 மே மாதத்தில், கற்று வைத்திருந்தது காந்தியின் வீட்டுக்குள்ளேயே பயன்பட்டது. மனைவி கஸ்தூரிபாவுக்குத் திடீரென்று பிரசவ வலி வந்தது. வைத்தியர் உடனே கிடைக்கவில்லை; மருத்துவிச்சியை அழைத்துவரவும் நேரமில்லை. பிரசவத்தைப் பற்றிய குஜராத்தி நூல் ஒன்றை முன்பே கவனமாகப் படித்திருந்த காந்தி, கடைசி மகன் தேவதாஸ் பிறந்தபோது பதற்றமின்றித் தாமே உதவினார்.

அவருடைய பயிற்சிக்குக் கடுமையான சோதனை 1904இல் வந்தது. அப்போது அவர் ஜொகன்னஸ்பேர்க் நகரில் இருந்தார். அங்கே இந்தியர் வாழ்ந்த குடியிருப்பை நகரசபை கையகப்படுத்தியிருந்தது. நெருக்கம் கூடியது, துப்புரவு குறைந்தது. அந்த நிலையில் கொள்ளைநோய் வரக்கூடும் என்று பெப்ரவரி மாதத்திலேயே காந்தி நகரின் சுகாதார அதிகாரிக்கு எழுதியிருந்தார். மார்ச் மாதத்தில் அது நடந்தேவிட்டது. தங்கச் சுரங்கம் ஒன்றில் வேலை செய்த இந்தியருக்கு நுரையீரலைத் தாக்கும் பிளேக் தொற்றியது. 23 பேர் நோயோடு குடியிருப்புக்குத் திரும்பி வந்தார்கள்.

அங்கே தற்செயலாக இருந்த மதன்ஜித் என்ற நண்பர், பூட்டிக்கிடந்த வெற்று வீடொன்றின் பூட்டை உடைத்து நோயாளரை உள்ளே சேர்த்தார். உடனே பென்சிலால் ஒரு துண்டு எழுதிக் காந்திக்கு அனுப்பினார். காந்தி சைக்கிளில் விரைந்து வந்தார். வீட்டை ஏன் உடைத்து எடுத்தோம் என்று நகரசபைக்கு எழுதித் தெரிவித்தார். வில்லியம் கொட்ஃபிரே என்ற இந்திய வைத்தியர் செய்தி கேட்டதும் ஓடிவந்து, வைத்தியராகவும் தாதியாகவும் தாமே நின்றார். காந்தியின் அலுவலகத்தில் வேலை செய்த இளைஞர் நால்வர் இரவு பகலாக உதவினார்கள். குடும்பப் பொறுப்பு இல்லாதவர்கள் என்பதால்தான் அவர்களைக் காந்தி துணிந்து அழைத்தார். தொண்டரின் உயிரையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை.

மறுநாள் நகரசபை ஒரு பழைய களஞ்சியத்தைத் தந்தது. அது அழுக்கடைந்து கிடந்தது. தொண்டர்களே கூட்டிக் கழுவிக் கட்டில் போட்டார்கள். நகரசபை ஒரு தாதியை அனுப்பியது. வைத்தியரின் சம்மதத்தோடு மூன்று நோயாளருக்கு ஈரமண் கட்டுகளைப் போட்டுக் காந்தி பராமரித்தார்.

முடிவு என்ன? 23 பேரில் இருவர் மட்டுமே பிழைத்தனர். பணிக்கு வந்த தாதியும் நோய் தொற்றி இறந்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். 21 பேர் இறந்துவிட்டார்கள் என்றால் அந்த உழைப்பின் பயன் என்ன? பயிற்சி பெற்றவர் எல்லோரையும் காப்பாற்றிவிடுவார் என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அந்த 23 பேரும் நெருக்கமான குடியிருப்பு வீடுகளுக்குள் சிதறிப் படுத்திருந்தால் நோய் எத்தனை வீடுகளுக்குள் போயிருக்கும்? முதல் நாளிலேயே அவர்களை வேறாக வைத்ததில் பெரிய காவல் இருந்தது. பின்னர் குடியிருப்பு மக்கள் அனைவரையும் நகருக்கு வெளியே கிளிப்ஸ்புருட் என்ற இடத்தில் கூடாரங்களுக்கு இடம்மாற்ற வேண்டியிருந்தது. வீட்டை விட்டு வர அஞ்சிய மக்கள் காந்தியின் சொல்லை நம்பி வந்தார்கள். நோயாளியின் பாயருகே உட்கார்ந்தவரின் சொல்லுக்கு அந்த மதிப்பு இருந்தது. ஆபத்து நேரத்தில் ஊர் யாரை நம்பும் என்பது, ஆபத்து வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

யாருடைய காயம்?

1906இல் நேட்டாலில் ஸூலு மக்கள் வரிக் கொடுமைக்கு எதிராகக் கிளர்ந்தபோது காந்தி சுமார் 20 பேருடன் மீண்டும் தூக்குப் படுக்கை சுமக்கப் போனார். பிரித்தானிய ஆட்சியின் மேல் அப்போது அவருக்கு நம்பிக்கை இருந்தது. அங்கே கண்டதோ வேறு. சவுக்கடி பட்டும் சுடப்பட்டும் கிடந்த ஸூலு மக்களின் காயங்கள் பல நாள் கழுவப்படாமல் புழுத்திருந்தன. வெள்ளையர் அவற்றைத் தொட மறுத்தார்கள். இந்தியத் தொண்டர்கள்தான் கழுவிக் கட்டினார்கள். நடந்தது கிளர்ச்சியை அடக்கும் போரல்ல, மனித வேட்டையே என்பதைக் காந்தி அங்கே உணர்ந்தார். ஆட்சியின் பக்கம் நின்று போனவர், அதன் கொடுமைக்குச் சாட்சியாகத் திரும்பினார். காயம் யாருடையது என்று கேட்டுவிட்டுக் கட்டுப் போடுபவர் தொண்டர் அல்லர் என்ற பாடம் அவருக்கு அங்கே உறைத்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நம் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் மிகவும் உரியது.

1914 ஓகஸ்டில் முதலாம் உலக யுத்தம் தொடங்கியவுடன் அவர் லண்டன் வந்திறங்கினார். வயது 44. இரண்டு தொண்டர் படைகளை நடத்திய அனுபவம் கையில் இருந்தது. ஆயினும் எல்லாம் தெரியும் என்று அவர் இருந்துவிடவில்லை. டொக்டர் கான்ட்லி நடத்திய முதலுதவி வகுப்பில் இந்துக்களும் முஸ்லிம்களுமாகச் சுமார் 80 இந்தியருடன் மாணவராக உட்கார்ந்தார். ஆறு வாரப் பாடம், முடிவில் பரீட்சை. ஒருவரைத் தவிர எல்லோரும் சித்தியடைந்தார்கள். கவிஞர் சரோஜினி நாயுடு வீரர்களுக்கான உடைகளைத் தைக்கும் பணியில் முழுமனத்தோடு ஈடுபட்டார்.

1934 ஜனவரி 15ஆம் திகதி பீகாரைப் பெரும் பூகம்பம் தாக்கியது. அதனைத் தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று காந்தி கூறியபோது, இயற்கையின் செயலுக்கு அப்படிக் காரணம் கற்பிப்பது தவறு என்று கவிஞர் தாகூர் வெளிப்படையாக மறுத்தார். அந்த வாதத்தில் பலருக்குத் தாகூரின் பக்கமே சரியெனப்படும். ஆனால் காந்தி பேசியதோடு நின்றுவிடவில்லை. இடிந்த ஊர்களுக்குச் சென்றார். நிவாரணம் பெறுவோரும் தம்மால் இயன்ற வேலையைச் செய்து ஊரைக் கட்டியெழுப்ப வேண்டும் என்று வலியுறுத்தினார். பாதிக்கப்பட்டவரை அவர் கையேந்துபவராகப் பார்க்கவில்லை. தம் ஊரின் முதல் தொண்டராகவே பார்த்தார். 1948 ஜனவரி 30ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

நம் வாசல் வரை

காந்தியின் முதல் தொண்டர் படைகள் ஆண்களின் படைகள். அந்தக் காலம் அப்படி. ஆனால் நம் ஊரில் பகல் வேளையில் வெள்ளமோ மண்சரிவோ வந்தால் வீட்டில் இருப்பவர் யார்? பெரும்பாலும் தாய்மாரும் பாட்டிமாரும் சிறுபிள்ளைகளுமே. எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்ற கணக்கும் அவர்களிடமே இருக்கிறது. எனவே பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டியது பெண்களிடம்தான். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று தயங்கும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் நாட்டில் அதற்கென நிலையங்கள் இயங்குகின்றன. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸ் படையணியும் முதலுதவி கற்பிக்கின்றன. இரத்தம் பெருகும் காயத்தை எப்படி அழுத்திப் பிடிப்பது, முதுகெலும்பில் அடிபட்டவரை ஏன் அவசரப்பட்டுத் தூக்கக்கூடாது, நிலத்தில் புதிதாக வெடிப்புக் கண்டாலோ மரங்கள் சாய்ந்தாலோ ஊற்று நீர் திடீரெனக் கலங்கினாலோ என்ன செய்வது என்பவற்றைச் சில நாள்களில் கற்றுக்கொள்ளலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இலக்கங்களை வீட்டுச் சுவரில் எழுதி வைக்க ஒரு நிமிடம் போதும்.

டர்பனில் அந்த வழக்கறிஞர் மருந்து கலந்த காலைகளில் அவருக்குப் போர் வரும் என்று தெரியாது. பிளேக் வரும் என்றும் தெரியாது. வந்தபோது கை தயாராக இருந்தது. அடுத்த மழைக்காலம் எப்போது வரும் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். கற்றுக்கொள்ள அதுவரை நேரமிருக்கிறது.